நெய்தல் நிலத்து மது (செய்யூர் – மரக்காணம் கடற்கரை)

செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர், இடைக்கழிநாடு தொடங்கி விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரையுள்ள கடற்கரையில் வழங்கிய மதுவகைகளையும், அவற்றின் தரம் பார்க்கும் முறையையும் இக்கட்டுரை கூறுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, இடையில் மணலும் பனையும் என்றமைந்த நிலம் இது. இங்கு மரப்பீப்பாய் புழங்கியதில்லை. மூலப்பொருளின் சுவையே மதுவின் சுவை.

இக்கரையின் மதுவுக்கான பழஞ்சான்று உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழியில் எயிற்பட்டினத்தில் விருந்து கிடைக்கும் என்கிறார். அவ்வூரை இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் பலர் கொள்வர். மீனவரான நுளையர் குலப்பெண் வடிகட்டிய பழந்தேறலைப் பரதவர் ஊற்றித் தர, தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன் கருவாடு. தேறலின் சிறப்பாகப் புலவர் சொல்பவை இரண்டே: வடிகட்டியது, நாள்பட்டது. பனங்கள் இரண்டு நாள் இருந்தால் காடியாகிவிடும் என்பதால், இதை வெறும் பனங்கள்ளாகக் கொள்வது கடினம்.

தானிய மதுவுக்குச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூல், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைப் படிப்படியாகவே விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைகட்டிய நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். முளையில் சுரக்கும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. விஸ்கிக்கு வாற்கோதுமையை முளைகட்டுவதும் இதற்கே. வலைஞர் அதைக் காய்ச்சி வடிக்கவில்லை என்பதே வேறுபாடு.

பிற்காலத்தில் இக்கரையின் மது என்றால் பனங்கள்தான். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், சொட்டு விழும்போதே புளிப்பு தொடங்கிவிடும். பழைய கலயத்தில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் ‘சைமோமோனாஸ்’ என்னும் பாக்டீரியாவுமே உறை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு அடங்கிப் பதநீராகும். பதநீருக்கு முதல் சோதனை சுண்ணாம்பின் அளவு: மிஞ்சினால் நாக்கு வெந்துபோகும், குறைந்தால் கள்வாடை எட்டிப் பார்க்கும்.

கள்ளுக்கு நேரமே தரம். விடியலில் இறக்கியது மெல்லிய பால் நிறத்தில், குமிழி ஓயாமல், இனிப்பு தூக்கலாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளிக்கத் தொடங்கிய மாவின் வாடை. நண்பகலில் இனிப்பும் புளிப்பும் சமன்படும். கள் பழகிய நாக்குக்கு இதுவே பதம். மாலையில் புளிப்பு நாக்கின் ஓரங்களைக் கூசவைக்கும். சாராயச்சத்து பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. நுரை எழாமல் திகட்ட இனிக்கும் கள்ளில் கலப்படத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சுவை பார்த்துத் தரம் அறிவதற்கு ஒரு கொடிய எல்லை உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பகுதியிலும் விஷச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிலிருந்த மெத்தனாலை மூக்காலும் நாக்காலும் எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடந்தான் சொல்ல வேண்டும்.

பீப்பாய் காணாத இக்கரை மதுவுக்கு எதிர்முனையாக அமெரிக்கக் கோதுமை விஸ்கியை வைத்துப் பார்க்கலாம். அந்நாட்டு விதிப்படி அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு கோதுமை இருக்க வேண்டும், 80 விழுக்காட்டுச் சாராயச்சத்துக்கு மேல் வடிக்கக் கூடாது, 62.5 விழுக்காட்டுக்கு மிகாமல் நீர் கலந்து, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். ஹெவன் ஹில் நிறுவனத்தின் ‘பெர்ன்ஹைம்’ 2005-இல் வந்தபின் இவ்வகை மீண்டும் கவனம் பெற்றது. ரை என்னும் தானியத்தின் காரம் இதில் இல்லை. ரொட்டியும் தேனும் கலந்த மென்மை உண்டு. முதலில் முகர்ந்து, ஒரு மிடறு சுவைத்து, சில துளி நீர் விட்டு மறுபடி முகர்வது வழக்கம். புது ஓக்கின் வனிலா மணம் எளிதில் தானியத்தை மூடிவிடும். ஆகவே சிறு வடிசாலைகளின் கோதுமை விஸ்கியில், பீப்பாயை மீறிக் கோதுமை தெரிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. பெங்களூரு அம்ருத் நிறுவனம் 2022-இல் ‘நெய்தல்’ என்றே பெயரிட்டு ஒரு புகைமணச் சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது. சங்கத்திணையின் பெயர் கொண்ட அம்மதுவும் பீப்பாயில் முதிர்ந்ததே. நத்தத்தனாரின் தேறலோடு அதற்குப் பெயரளவிலேயே உறவு.

தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் 1987 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மாநில மரமான பனையிலிருந்து பதநீர் இறக்கலாம். மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரிக்குள் நுழைந்தால் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது.