களைப்பின் இருப்பிடம்: கோபன்ஹேகன் ஆய்வுக்கூடங்களின் கதை

நீண்ட நேரம் உழைக்கும் தசைக்கு எரிபொருள் இரண்டு: கொழுப்பு, மாவுச்சத்து. ஒல்லியான மனிதரின் உடலிலும் கொழுப்பு பல நாளுக்குத் தாங்கும். மாவுச்சத்தோ தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சில நூறு கிராம்தான் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது தீரும்போது கால் ஓய்ந்துபோவது ஏன், முதலில் தளர்வது தசையா மூளையா என்ற கேள்விகளுக்கு விடை தேடியதில் டென்மார்க்கின் பங்கு மிகப் பெரியது.

விவாதம் பிரான்ஸில் தொடங்கியது. ஓகுஸ்த் ஷோவோ 1887இல் குதிரையின் முகத்தசையைச் சோதித்தார். குதிரை தீனி மெல்லும்போது அந்தத் தசை இரத்தத்திலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் ஓய்வுநிலையைவிட வெகுவாகக் கூடியது. சர்க்கரை ஒன்றே தசையின் எரிபொருள், கொழுப்பும் முதலில் சர்க்கரையாக மாறியே தீர வேண்டும் என்று அவர் வாதிட்டார். பெர்லினில் நாதன் சுன்ட்ஸ் இதை மறுத்தார். வழக்கைத் தீர்க்க நுட்பமான அளவீடு தேவைப்பட்டது.

அந்த அளவீட்டைத் தந்தவர்கள் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆகஸ்ட் குரோக், யோஹன்னஸ் லிண்ட்ஹார்ட் இருவரும். 1906 முதல் 1908 வரை கிரீன்லாந்துக்குச் சென்ற டேனிஷ் ஆய்வுப் பயணத்தில் மருத்துவராக இருந்தவர் லிண்ட்ஹார்ட். பிறகு பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சியின் அறிவியலைக் கற்பித்தார். குரோக் 1913இல் மின்காந்தத்தால் தடை கொடுக்கும் மிதிவண்டி ஒன்றை வடிவமைத்திருந்தார். மிதிப்பவர் செய்யும் வேலையை அதில் துல்லியமாகக் கணக்கிடலாம். வெளிவிடும் கரியமில வாயுவை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்தால் எரிபொருள் எதுவென்று தெரியும்: மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 1.0, கொழுப்பு மட்டும் எரிந்தால் ஏறக்குறைய 0.7.

முடிவுகள் 1920இல் வெளிவந்தன. ஒரு கலோரி அளவு வேலைக்கு மாவுச்சத்தில் 4.1 கலோரியும் கொழுப்பில் 4.6 கலோரியும் செலவானது. கொழுப்பில் ஓடும்போது சுமார் 11 சதவீதம் வீண். ஷோவோவின் கொள்கைப்படி இழப்பு இதைவிட மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஆகவே கொழுப்பைத் தசை நேரடியாகவும் பயன்படுத்துகிறது என்பது உறுதியானது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் பதிவானது. கொழுப்புணவு உண்ட நாட்களில் அதே வேலை கடினமாக இருந்தது, களைப்பும் நெடுநேரம் நீடித்தது. அன்று உபசெய்தியாகத் தோன்றிய இந்தக் குறிப்பே பின்னாளில் முழு ஆய்வுத்துறையாக வளர்ந்தது.

குரோக்குக்கு அதே ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அது நுண்குழாய் இரத்த ஓட்டத்தைப் பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக.  

இதற்கிடையே 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், சோர்ந்து தள்ளாடியவர்களிடம் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஓட்டத்தின் இடையே மிட்டாய் கொடுத்தபோது நிலைமை தேறியது.

லிண்ட்ஹார்ட் மரபில் வந்த எரிக் ஹோவு கிறிஸ்டென்சனும் ஓவே ஹான்சனும் 1939இல் கேள்வியைக் கூர்மையாக்கினார்கள். சில நாள் கொழுப்புணவு உண்டவர் ஒன்றரை மணி நேரம் மிதித்ததும் ஓய்ந்துவிட்டார். மாவுச்சத்து நிறைய உண்ட பிறகு அதே வேகத்தில் நான்கு மணி நேரம் வரை தாங்கினார். இனி முடியாது என்று நிறுத்தியவருக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவர் மீண்டும் மிதிக்கத் தொடங்கினார். வியப்பு என்னவென்றால், சுவாச அளவீடு பெரிதாக மாறவில்லை. தசை எரிக்கும் எரிபொருள் ஏறக்குறைய அதேதான், ஆளுக்கு மட்டும் தெம்பு வந்துவிட்டது. ஆகவே சர்க்கரை காப்பாற்றியது மூளையை என்று இருவரும் முடிவுகட்டினார்கள். கையிலிருந்த கருவிகளுக்கு அது துணிச்சலான, நேர்மையான முடிவு.

கிறிஸ்டென்சன் 1941இல் ஸ்டாக்ஹோம் சென்றார். அங்கே யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல், உயிருள்ள தசையிலிருந்து துணுக்கு எடுக்கும் ஊசியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1966இல் அவரும் எரிக் ஹுல்ட்மனும் ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் இருந்து, ஆளுக்கு ஒரு காலால் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து உண்டபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்திருந்த காலைவிட இரு மடங்கானது. 1967இல் பெங்ட் சால்ட்டின் உள்ளிட்டோருடன் செய்த ஆய்வில், கொழுப்பும் புரதமும் உண்டவர்கள் சராசரியாக 57 நிமிடம், கலப்புணவு உண்டவர்கள் 114 நிமிடம், மாவுச்சத்து மிகுதியாக உண்டவர்கள் 167 நிமிடம் தாங்கினார்கள். ஓய்ந்த வேளையில் தசைக் கிளைக்கோஜன் அநேகமாகத் தீர்ந்திருந்தது. களைப்பின் இருப்பிடம் தசைக்கு மாறியது. 1986இல் டெக்சாஸில் எட்வர்ட் காயில் குழு, இடையில் மாவுச்சத்துப் பானம் குடித்த சைக்கிள் வீரர்கள் மூன்று மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம் ஓட்டுவதைக் காட்டியது. கூடுதலான அந்த ஒரு மணி நேரத்தில் தசை எரித்தது இரத்தத்தில் வந்த குளுக்கோஸை.

சால்ட்டின் 1973இல் கோபன்ஹேகனுக்கு வந்து ஆகஸ்ட் குரோக் நிறுவனத்தில் பணியாற்றினார். 1994இல் அந்நகரில் அவர் தலைமையில் தசை ஆய்வு மையம் உருவானது. அதே நகரில் லார்ஸ் நைபோ 2003இல் பழைய கேள்வியைப் புதிய கருவியோடு எழுப்பினார். மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டியவர்களை உடனே முழு வலுவோடு தசையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இரத்தச் சர்க்கரை இறங்கியவர்களிடம் மூளையிலிருந்து தசைக்கு வரும் ஏவல் தளர்ந்திருந்தது. குளுக்கோஸ் குடித்தபோது அது தளரவில்லை. 1939இன் ஊகம் பாதி சரியென்று ஆனது.

மறுபாதிக்கு விளக்கம் ஓடென்ஸேயிலுள்ள தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நீல்ஸ் ஓர்டன்பிளாட், யோக்கிம் நீல்சன், சால்ட்டின் உள்ளிட்டோர் 2011இல் முன்னணிப் பனிச்சறுக்கு வீரர்களின் கைத்தசையை ஆராய்ந்தார்கள். தசை இழை சுருங்க வேண்டுமானால் உள்ளே சேமித்த கால்சியம் வெளிவர வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பந்தய வேகத்துக்குப் பிறகு கிளைக்கோஜன் குறைந்த தசையில் அந்த வெளியேற்றம் மந்தமானது. நான்கு மணி நேரம் மாவுச்சத்து உண்டு இளைப்பாறியவர்களிடம் அது பழைய நிலைக்குத் திரும்பியது. தண்ணீர் மட்டும் குடித்தவர்களிடம் மந்தமாகவே இருந்தது. கிளைக்கோஜன் மொத்தம் எவ்வளவு என்பதோடு, இழையின் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் கணக்கில் வந்தது: சுருங்கும் நுண்ணிழைகளுக்கு நடுவே கிடக்கும் சிறு பங்கு தீர்ந்தால், வெளியே மிச்சம் இருந்தும் தசை தளர்கிறது.