போதை என்று எதைச் சொன்னார்கள்?

குடிக்குப் போதை என்று பெயர். புகழுக்கும் போதை, சினிமாவுக்கும் போதை. ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்து நாவல் படித்தால் அதற்கும் போதை. இந்த ஒரு சொல் எப்போது, யார்மேல் வீசப்பட்டது என்று பின்தொடர்ந்து போனால், தமிழ் வெகுசன நாவலின் வரலாறும் அதைப் படித்த பெண்களின் வரலாறும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு நடிகை புகழடைகிறாள், குடியோ மாத்திரையோ அவளைப் பிடித்துக்கொள்கிறது, கடைசியில் விழுகிறாள். இந்த வரிசையில் சொல்லப்படும் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஏன் தேடிப் படிக்கிறார்கள்? ‘மலிவான ரசனை’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. படித்தவர்களைக் கேட்காமலேயே சொல்லப்பட்ட பதில் அது.

நாவல் பெண்களைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் தமிழ் நாவலோடு சேர்ந்தே வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்கள் பரபரப்பாக விற்றன. கொலை, கள்ளக்காதல், தாசி வீடு, ஆள்மாறாட்டம் எல்லாம் அவற்றில் இருந்தன. ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகள் வேட்டி கட்டிக்கொண்டு தமிழுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். இந்த வாசிப்பு எப்படி உருவானது, எதற்காகக் கண்டிக்கப்பட்டது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ விரிவாகப் பேசுகிறது. கண்டிப்புக்குப் பயந்த எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கதை எப்படிப் போனாலும் முடிவில் ஒரு நீதி இருக்கும். தவறு செய்தவள் தண்டனை அடைவாள். அந்த நீதிதான் நாவல் வீட்டுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கும் அந்தச் சீட்டு தேவைப்பட்டது. எழுதத் தெரியாத நிலையில், தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்துத் தொடங்கியவர் அவர்.

சினிமா வந்ததும் தாசி வீடு இருந்த இடத்தில் நடிகையின் வீடு வந்தது. கிசுகிசுப் பத்திரிகையும் கூடவே வந்தது. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிய ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையானார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் சரிவை இன்றுவரை நாம் எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்று கவனியுங்கள்: விதி, காலம், துயரம். என்.எஸ்.கே. பழைய மரியாதையோடு திரைக்குத் திரும்பினார். ஆணின் வீழ்ச்சி ஒரு காவியமாகிறது. பெண்ணின் வீழ்ச்சியைச் சொல்லும்போது மட்டும் அது ஒழுக்கப் பாடமாக மாறிவிடுகிறது.

சாவித்திரியின் கதையை எடுத்துக்கொள்வோம். 1981 டிசம்பர் 26 அன்று, நீண்ட கால நினைவிழப்புக்குப் பிறகு அவர் இறந்தார். குடி, ஏமாற்றிய காதல், கரைந்துபோன சொத்து என்று அவர் கதையை ஊரில் எந்தக் கிழவியும் சொல்வார். 2018இல் ‘நடிகையர் திலகம்’ படமும் அந்தக் கதையை ஒரு புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனது. ஆனால் 1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’, 1969இல் ‘குழந்தை உள்ளம்’, 1971இல் ‘பிராப்தம்’ என்று அவர் படங்களை இயக்கினார் என்பது எத்தனை பேருக்கு உடனே நினைவுக்கு வரும்? வீழ்ச்சிக் கதை முதலில் விழுங்குவது பெண்ணின் உழைப்பைத்தான். சில்க் ஸ்மிதாவுக்கும் இதுவே நடந்தது. ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக நடித்த பாத்திரத்தின் பெயர் அவருடைய பெயராகவே ஒட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான படங்களில் நடித்த ஒரு தொழிலாளியின் நாட்கூலி, கால்ஷீட், கடன் எதுவும் நமக்குத் தெரியாது. 1996 செப்டம்பரில் அவர் இறந்த விதம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, எங்கள் பகுதியும் அதற்குள்தான் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். 1971இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது, 1974இல் திரும்பியது, 1981இல் கடைகள் மறுபடி திறந்தன, 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. இந்தத் தேதிகளைப் பாடப்புத்தகம் அரசின் கொள்கையாகச் சொல்கிறது. எங்கள் பெண்களுக்கு அவை, வீட்டுக்காரரின் கூலி வீடு வந்து சேர்ந்த வருடங்களும் சேராத வருடங்களும்.

1971இல் கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் கம்சலை என்ற கட்டட வேலைப் பெண், திரையில் தெரியும் ‘வாத்தியார்’மீது கொண்ட மயக்கத்தால் சீரழிகிறாள். ஒரு நடிகரின் பிம்பம் அரசியலாக மாறிக்கொண்டிருந்ததை எதிர்த்து எழுதத் துணிச்சல் வேண்டும். ஜெயகாந்தனுக்கு அது இருந்தது. அந்தத் துணிச்சலை மதித்துக்கொண்டே ஒன்றைக் கேட்கலாம். சாராயம் அப்போதுதான் சட்டப்படி தெருவுக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் அழிவுக்குக் கதை முதன்மையாகக் காட்டிய போதை, அவள் பார்த்த சினிமா. நாள் முழுக்கச் செங்கல் சுமந்தவள் இருட்டில் மூன்று மணி நேரம் உட்காரக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கொட்டகை என்பதைக் கதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? அவள் ஆசை நோயாக எழுதப்பட்டது. அது ஓய்வாகவும் இருந்திருக்கலாம்.

அதே பத்தாண்டில்தான் வாரப் பத்திரிகைத் தொடர்கள் வீடுகளை ஆண்டன. தினமணி கதிரில் புஷ்பா தங்கதுரை எழுதிய ‘என் பெயர் கமலா’, சிவப்பு விளக்குப் பகுதியில் சிக்கிய பெண்ணின் கதை. தலைப்பிலேயே ஒரு பெண் தன்னிலையில் பேசுகிறாள். ஆசிரியர் பெயரிலும் ஒரு பெண் இருக்கிறாள். எழுதியவர் ஆண். அவரே ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் ‘திருவரங்கன் உலா’வை எழுதினார். கோயிலுக்கு ஆண் பெயரும் விடுதிக்குப் பெண் பெயரும் என்ற இந்தப் பங்கீட்டுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. 1970களின் முடிவில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘கனவுத் தொழிற்சாலை’, உச்சியில் இருக்கும் நடிகரையும் வாய்ப்புத் தேடி அலையும் பெண்ணையும் ஒரே ஸ்டுடியோவுக்குள் காட்டியது.

எங்கள் தெருவில் இந்தத் தொடர்கள், கிழித்துச் சேர்த்துப் பைண்டிங் செய்த தொகுப்புகளாகச் சுற்றின. என் பள்ளி நாட்களில் அவை ஏற்கெனவே பழையவை. பஸ் நிறுத்தப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய ராணி முத்து, மாலைமதி நாவல்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஒரு புத்தகம் பத்து வீடு போய் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவோம். பல தொகுப்புகளில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. ஆனால் முடிவு என்னவென்று தேடி அலைந்தவர்கள் யாரும் இல்லை. அவள் சாவாள் அல்லது திருந்துவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். புளி தட்டிக்கொண்டும் நிலக்கடலை உரித்துக்கொண்டும் அவர்கள் வாதாடியது நடுப்பக்கங்களைப் பற்றி. சம்பளத்தை ஏன் அண்ணன் கையில் கொடுத்தாள்? வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர்? முதல் நாள் குடிக்கக் கொடுத்தவன் யார்? அவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் போதையாகத் தெரிந்தது இந்த விசாரணைதான். தன் வீட்டுக்காரரின் குடியைப் பற்றித் திண்ணையில் பேச முடியாத பெண், நடிகையின் வீட்டுக்காரரின் குடியைப் பற்றி உரக்கப் பேசலாம். நடிகை ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் அவரவர் வீடு இருந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழகத்தின் முதல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கப்பட்டது எங்கள் தருமபுரி மாவட்டத்தில். கையெழுத்துப் போடக் கற்று, கணக்குப் பேரேட்டைத் தங்கள் கையில் வாங்கிய பெண்களில், பத்திரத்தில் யார் பெயர் என்று நாவலிடம் கேட்டவர்களும் இருந்தார்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய அனுபவம் இல்லை. அமெரிக்காவில் 1966இல் ஜாக்குலின் சூசன் எழுதிய ‘வேலி ஆஃப் தி டால்ஸ்’ கோடிக்கணக்கில் விற்றது. நியூயார்க் நாடக மேடையிலும் ஹாலிவுட்டிலும் மேலே ஏறும் மூன்று பெண்கள், அவர்களை விழுங்கும் மாத்திரைகள். ‘டால்ஸ்’ என்பது அந்த மாத்திரைகளுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர். விமர்சகர்கள் குப்பை என்றார்கள். ஆனால் அது வெளிவந்த காலத்தில் அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு மருத்துவர்கள் அமைதி மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலியம் விற்பனைக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹாலிவுட் நடிகையின் கைப்பையில் இருந்ததே தன் குளியலறை அலமாரியிலும் இருப்பதை வாசகி கண்டுகொண்டாள். சூசனும் நடிகையாக முயன்று பெரிதாக வெல்லாதவர். மேடைக்குப் பின்புறம் அவருக்குத் தெரியும். பெண்ணியப் பதிப்பகமான விராகோ, பின்னாளில் அந்த நாவலைத் தன் நவீனச் செவ்வியல் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

உள்ளே இருந்தவள் எழுதும்போது கதை மாறுகிறது. தமிழில் இதற்கு முன்னோடி சூசனுக்கு முப்பது ஆண்டுகள் முந்தியவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசி முறையின் கொடுமையைத் தன் வாழ்வில் அறிந்தவர். அதிலிருந்து வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தவர். 1936இல் அவர் எழுதிய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’. தலைப்பைப் பார்த்தால் அக்காலத்துப் பரபரப்பு நாவல்களில் ஒன்று போலத்தான் இருக்கும். தாசிகள் மைனர்களை மொட்டையடிக்கும் தந்திரங்களும் அதில் உண்டு. ஆனால் அவர் விசாரிப்பது ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை மட்டும் இல்லை. பொட்டுக் கட்டும் சடங்கு, அதற்குக் காவல் நின்ற மதம், அதில் சுகம் கண்ட பெரிய மனிதர்கள், அதனால் வீட்டுக்குள் வதைபட்ட மனைவிகள் எல்லோரையும் அவர் ஒரே கூண்டில் ஏற்றுகிறார். பரபரப்பு நாவலின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தண்டனையின் முகவரியை மாற்றினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வருவதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் அவர் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை அவர்கள். வங்கிக் குறுஞ்செய்தி வழியாக அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். அவர் ஒரு நாவல் எழுதியது தெரியாது. அதே பெண்கள் கைப்பேசியில் இரவெல்லாம் தொடர்கதை படிக்கிறார்கள், சிலர் எழுதவும் செய்கிறார்கள். அதையும் போதை என்கிறார்கள் வீட்டில். அந்த வீட்டுக்கும் டாஸ்மாக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை.

அவர்களிடம் அந்தக் கதைகளை விடு என்று நான் சொல்வதில்லை. எங்கள் தெருப் பெண்கள் புளி தட்டிக்கொண்டு கேட்ட கேள்விகளை வகுப்பில் மறுபடி கேட்கச் சொல்கிறேன். சம்பாதித்தவள் யார், கணக்கு யார் கையில், ஊற்றிக் கொடுத்தவனுக்கு என்ன ஆயிற்று? சாவித்திரி இயக்கிய படங்களின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, அவர் எப்படி இறந்தார் என்பதை அதற்குப் பிறகு பேசுகிறோம்.