எழும்பூர் வாடகை வீட்டில் பிறந்த கல்லூரி

சென்னை மெரினாவுக்கு எதிரே செங்கல் நிறத்தில் நிற்கும் மாநிலக் கல்லூரியின் பிறந்த ஆண்டு 1840. ஆனால் 'பிரெசிடென்சி கல்லூரி' என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 1855இல்தான். நடுவே இருந்த பதினைந்து ஆண்டுகளில்தான் அதன் உண்மையான கதை இருக்கிறது. 1840 அக்டோபர் 16 அன்று எழும்பூரில் 'எடின்பரோ ஹோம்' என்ற வாடகை வீட்டில் அரசு திறந்தது ஓர் ஆயத்தப் பள்ளி. மேற்படிப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே அதன் வேலை. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கல்லூரியானது.

அதற்கு முந்தைய ஆண்டே சென்னை கொந்தளித்திருந்தது. 1839 நவம்பரில் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆங்கில உயர்கல்வி கிடைக்கிறது, எங்களுக்கும் வேண்டும் என்பதே அதன் சாரம். அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இந்தக் கோரிக்கைக்குப் பெருந்துணையாக நின்றார். அச்சகமும் தபாலும் அரிதாக இருந்த காலத்தில் அத்தனை கையெழுத்து சேர்ந்ததென்றால், கல்விக்காக அன்று இருந்த பசியை ஊகித்துக்கொள்ளலாம்.

அரசிடம் ஏற்கெனவே திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1826இல், அப்போது ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ பொதுக் கல்விக் குழு ஒன்றை அமைத்தார். 1836இல் அதன் பொறுப்பு இன்னொரு குழுவின் கைக்கு மாறியது. அந்தக் குழு தீட்டிய திட்டம் எல்ஃபின்ஸ்டனுக்குத் திருப்தி தரவில்லை. அவர் தாமே 19 தீர்மானங்களை முன்வைத்தார். சென்னையில் ஒரு மையக் கல்வி நிலையம். அதில் உயர்நிலைப் பள்ளிப் பிரிவு ஒன்று, கல்லூரிப் பிரிவு ஒன்று. ஏட்டில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கல்லூரியில் உட்காரத்தக்க அளவுக்கு ஆங்கிலமும் கணக்கும் படித்த பிள்ளைகள் எங்கே? கல்லூரிக்கு முன்னால் பள்ளி, பள்ளிக்கும் முன்னால் ஆயத்தப் பள்ளி என்று படிகளைக் கீழிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் மரக்காணம் உப்பளக் கரையில் இதைப் புரிய வைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கடல்நீரை நேரே உப்புப் பாத்தியில் பாய்ச்சினால் உப்பு விளையாது. முதலில் தெப்பம் எனப்படும் தேக்கப் பாத்திகளில் நிறுத்தி, வெயிலில் காயவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி நீரை முறுக்கேற்ற வேண்டும். நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் ஏறக்குறைய 25 பாகைக்கு வந்த பிறகுதான் பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். முன்பாத்திகளில் செலவாகும் நாட்களை வீண் என்று எந்த அளத்துக்காரரும் சொல்ல மாட்டார்.

எழும்பூர்ப் பள்ளியின் தலைமைக்கு முதலில் தேர்வானவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஈ. பி. பவல். அவர் வந்து சேரத் தாமதமானதால், ஹூக்ளி கல்லூரியிலிருந்து கூப்பர் என்பவர் அழைக்கப்பட்டார். மாதம் 400 ரூபாய் சம்பளம். சில மாதங்களே இருந்துவிட்டு அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1840 செப்டம்பரில் பம்பாயில் வந்திறங்கிய பவல், பிறகு சென்னைக்கு வந்து பொறுப்பேற்றார். 1841 ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளி திறந்தது; நிறுவனமும் எழும்பூரிலிருந்து பிராட்வேக்கு இடம் மாறியது. பவல் 1862 வரை தலைவராக இருந்தார். வானியலிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. சென்னையிலிருந்தபடியே இரட்டை விண்மீன்களைக் கவனித்துக் குறிப்பெழுதியவர். ஒரே ஆசிரியர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றதுதான் அந்தப் பள்ளிக்கு வாய்த்த முதல் செல்வம்.

கல்லூரிப் பிரிவு உடனே வரவில்லை. 1850களில்தான் அதற்கு வேளை வந்தது. அதுவரை உயர்நிலைப் பள்ளியே கல்லூரியின் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. முடித்துத் தேறியவர்களுக்குத் தகுதிச் சான்று கொடுத்தது. பின்னாளில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்த டி. மாதவராவ் இங்கே படித்தவர். திருவிதாங்கூரிலும் புதுக்கோட்டையிலும் நிர்வாகம் செய்த ஏ. சேஷய்ய சாஸ்திரியும் இங்கே படித்தவரே. பட்டம் என்ற ஒன்றே சென்னையில் இல்லாத காலத்தில் பெற்ற பள்ளிச் சான்று அவர்களை அந்த நாற்காலிகள் வரை கொண்டுபோனது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் உருவானவர்கள். அங்கும் மிஷனின் கீழ்ப் பள்ளிகளில் படித்துத் தேறியவர்களைத்தான் செமினரி எடுத்துக்கொண்டது. கடல் கடந்து வந்து முதலிடம் பிடித்ததற்குப் பின்னால் இருந்ததும் ஆயத்தக் கல்விதான். சென்னையிலேயே இன்னோர் உதாரணமும் உண்டு. 1837இல் ஜான் ஆண்டர்சன் 59 மாணவர்களுடன் தொடங்கிய பள்ளியிலிருந்துதான், வில்லியம் மில்லர் காலத்தில், சென்னை கிறித்தவக் கல்லூரி எழுந்தது. கல்லூரி 1937இல் தாம்பரம் போன பிறகும் பள்ளி நகரத்திலேயே தங்கித் தன் வேலையைத் தொடர்ந்தது.

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத பக்கமும் ஒன்று உண்டு. அந்தப் படிகளில் ஏறியவர்கள் பெரும்பாலும் நகரத்தவர்கள், மேல்சாதியினர், வசதி உள்ளவர்கள். மரக்காணம் அடங்கிய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு அரசின் மாகாணப் பள்ளி 1850களில் கடலூரில்தான் வந்தது. மரக்காணத்துக்கு வந்தது கால்வாய். சென்னையிலிருந்து தெற்கே நீண்ட பக்கிங்காம் கால்வாயின் கோடி மரக்காணம். படகுகளில் உப்பு தலைநகருக்குப் போனது. உப்பு வாரியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நீர்வழியில் இடம் இருக்கவில்லை.

ஆயத்த வேலை பிறகும் பல பெயர்களில் தொடர்ந்தது. இன்டர்மீடியட் என்றும் பி.யு.சி. என்றும் கல்லூரிக்குள்ளேயே இருந்த அந்த ஆயத்த வகுப்புகள், 1978இல் பிளஸ் டூ வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறின. அதனால் ஏராளமான கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது; அது பெரிய நன்மை. ஆனால் ஒன்று கைநழுவியது. தன்னிடம் வரப்போகும் பிள்ளையைத் தானே தயார் செய்ய வேண்டிய கடமை கல்லூரிக்கு இருந்ததே, அது போயிற்று.

இன்று மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பலர் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளங்கள் மூழ்கி வருமானம் நிற்கும் மாதங்களில்தான் அவர்களுக்கு முதல் பருவத் தேர்வு வருகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலுடன் அவர்கள் மல்லுக்கட்டுவதும் அப்போதுதான். தொடக்கத்தில் சில நாள் நடக்கும் அறிமுக வகுப்பு இதற்குப் போதாது.

மாணவர் தயாராக இல்லை என்று தெரிந்தபோது, 1840இல் அரசு அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி திறந்தது. அதே வேலையை இன்றைய அரசுக் கல்லூரி ஒவ்வொன்றும் செய்யலாம். கல்லூரியின் சொந்த ஆசிரியர்கள் நடத்தும், கட்டணமில்லாத, முழுப் பருவம் நீளும் ஆயத்த வகுப்பு வேண்டும். அதில் சேர்ந்தவர் யார், தேறியவர் யார், பாதியில் நின்றவர் யார், ஏன் நின்றார் என்று ஆண்டுதோறும் பதிவேடு எழுத வேண்டும். திவான்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பாதியில் போன பிள்ளைகளைத்தான் நாம் எண்ணாமல் விட்டோம். அவர்களை எண்ணத் தொடங்கும் கல்லூரியே தன் பிறந்த ஆண்டைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தகுதி உடையது.