பத்துப் பேருக்கு ஒரு வேலைக்காரன்

நாகர்கோவிலில் அக்கா வீட்டு மாடியில் அவள் மகன் மாசிடோனியப் படையொன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். மேசைமேல் போர் விளையாட. சிப்பாயின் உயரம் ஓர் அங்குலம். சோப்புத் தண்ணீரில் கழுவி, அடிவண்ணம் பூசி, மெல்லிய பிரஷ்ஷால் செருப்பு வார் வரை தீட்டுகிறான். வளைந்துபோகும் பிளாஸ்டிக் ஈட்டியை வெட்டியெறிந்துவிட்டுக் கம்பி வைக்கிறான். இரண்டாம் பிலிப்பின் காலாட்கள் பிடித்த ‘சாரிசா’ பதினாறு, பதினெட்டு அடி நீளம். கம்பி அந்த விகிதத்தில் இருக்கணும், அதில் பயலுக்குச் சமரசமே கிடையாது. பதினாறு வரிசை, வரிசைக்குப் பதினாறு பேர்: 256 பேர் கொண்ட அணி மேசையில் ஒரு கைப்பிடிப் பொம்மையாகிவிடுகிறது.

நிறங்களை எங்கிருந்து எடுக்கிறான்? 1887இல் சீதோனில் கிடைத்து, இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அலெக்சாண்டர் கல்லறைப்பெட்டி’. 1831இல் பொம்பேயில் கண்டெடுத்த மொசைக். இரண்டும் வசதியுள்ளவன் செய்வித்தவை. அரசன் உண்டு, குதிரை உண்டு, சாகிற எதிரியும் உண்டு. மாவரைத்தவன் இல்லை.

அவன் இருந்தான். பிலிப் வண்டிகளைத் தடுத்து, பத்துக் காலாளுக்கு ஒரு வேலைக்காரன் என்று வரையறுத்ததை ரோமானியரான ஃப்ரான்டினஸ் எழுதிவைத்திருக்கிறார். அவன் சுமந்தது திரிகையும் கயிறும்.

“எடே, 256 பேருக்கு இருபத்தஞ்சு திரிகைக்காரன் வரணுமே, எங்க?” என்று கேட்டேன்.

“முகாம்னு ஒண்ணு உண்டு மாமா. எதிரி வந்து பிடிக்கதுக்கு.”

சிரிக்க முடியவில்லை. கி.மு. 316வாக்கில் காபியேனேயில் அதுதான் நடந்தது. அலெக்சாண்டரின் கிழட்டு வீரர்களான ‘வெள்ளிக் கேடயத்தார்’ முன்னால் வென்றுகொண்டிருந்தார்கள். உப்புவெளிப் புழுதிக்குள் ஆண்டிகோனஸின் குதிரைப்படை பின்னால் போய் முகாமைப் பிடித்துவிட்டது. மனைவி, பிள்ளைகள், ஆயுள் முழுக்கச் சேர்த்தது எல்லாம் அங்கே. அவற்றைத் திரும்பப் பெற, தங்கள் தளபதி யூமெனஸையே கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். போர்வரலாறு இதைத் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடும். நம் இயக்க வரலாறுகள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மேடையில் பேசினவன் இருப்பான். கஞ்சி காய்ச்சினவளைத் தேடணும்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். குளச்சல், 1741 ஆகஸ்ட் 10. மார்த்தாண்ட வர்மா, தோற்ற டச்சுக்காரர்கள், பிடிபட்ட டிலனாய். வெற்றித்தூண் அதற்காக நிற்கிறது. டிலனாய் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியக் கவாத்துப் பழக்கி, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறார். ஊர்க்கதை வேறொன்று சொல்கிறது: பனந்தடிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் காட்டி டச்சுக்காரனை மிரட்டினார்களாம். ஆவணத்தை மட்டும் நம்புகிறவர் தள்ளிவிடலாம். எனக்கோ, பனை வெட்டினவனும் வண்டி அடித்தவனும் அந்தப் போருக்குள் நுழைவது இந்தக் கதை வழியாகத்தான்.

போன வாரம் பயல் ஒரு பொம்மையின் ஈட்டியைப் பிடுங்கிவிட்டு, முதுகில் பசையால் ஒரு மூட்டை பிடித்துவைத்திருந்தான்.

“இவனுக்கு என்ன கலர் அடிக்க, மாமா?”

பெட்டியிலும் பார்த்தாயிற்று, மொசைக்கிலும் பார்த்தாயிற்று. “தெரியல்ல மக்கா” என்றேன்.