இல்லாத விளக்குக்கு ஓர் ஆணை



கண்புரை அறுவைக்குப் பின் இரவில் எனக்குத் திரை வெளிச்சம் ஆகவில்லை. பேரன் கொடுத்த பழைய ஓஎல்இடி மடிக்கணினியில் லினக்ஸ் இருக்கிறது. வெளிச்சம் குறைக்கும் விசையை அழுத்தினால் அளவுக்கோடு இறங்கும். திரையோ அப்படியே கண்ணைக் கூசச் செய்யும். காரணம் தேடப்போய் ஒரு சிறு வரலாறே கிடைத்தது.

எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு உண்டு. அதைக் கூட்டிக் குறைத்தால் வெளிச்சம் மாறும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் பழகியது அந்த விளக்கோடுதான். ஓஎல்இடி வேறு சாதி. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட ஆய்வே அதற்கு அடித்தளம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது!

2016-இல் ஓஎல்இடி மடிக்கணினிகள் கடைக்கு வந்தபோது, லினக்ஸ் பலவற்றில் இல்லாத விளக்குக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தது. 'எக்ஸ்ராண்டர்' கட்டளையால் படத்தையே இருட்டாக்கிச் சிலர் சமாளித்தார்கள். வெளிச்சம் குறைந்தது, நிறங்களின் நுட்பமும் கூடவே போயிற்று.

சரியான வழி, படம் போகும் இணைப்பிலுள்ள துணைத்தடம் வழியாகத் திரையிடமே சொல்வது. இன்டெல் கணினிகளில் இதற்கான முக்கியப் பணியைச் செய்தவர் ரெட் ஹாட் பொறியாளர் லியூட் பால். அது 2021-இல் லினக்ஸ் 5.12-இல் சேர்ந்தது.

பேரன் வந்து கெர்னலைப் புதுப்பித்தான். விசை இப்போது சொன்னபடி கேட்கிறது. லினக்ஸில் அந்தக் கோப்புறையின் பெயர் மட்டும் இன்றும் 'பேக்லைட்'தான்!

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்படிக் கண் கூசித் தவித்தால், முதலில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள்.