பத்து டாலரில் ஏழு

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோம்பாக்கில் ஒரு மாமாக் கடையில், சோமாலிய நண்பர் ஒருவரிடம் யோசிக்காமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் படிக்க வரும் சோமாலிய மாணவர்கள் அதிகம். அவரும் அப்படி வந்தவர்தான்.

“உங்க நாடுதானே ஊழல்ல எப்பவும் கடைசி இடம்?”

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டு, “இருக்கலாம். ஆனா உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“பட்டியல் வருதே, வருசா வருசம்.”

“பட்டியலை விடு. இவ்வளவு பணம் போச்சுன்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கை நீ பார்த்திருக்கியா?”

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “எங்க ஆளுங்க எடுக்கலன்னு நான் சொல்லல. எங்களப் பத்தி எது சொன்னாலும் நீங்க நம்பிடுறீங்க. எங்க தலைவர்கள் எதைச் சொன்னாலும் இல்லைங்கறாங்க. ரெண்டு பேருமே கணக்கைப் பார்க்கறதில்ல.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு, சோமாலியத் தலைவர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று தேடிப் படித்தேன். குறிப்பாக 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் குற்றச்சாட்டுகள் முதன்முறையாக எண்களோடு வந்தன. மறுப்புகளும் எண்களோடு வந்தன.

முதலில் அந்தப் பட்டியல். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் அது. 2012இல் சோமாலியா 100க்கு 8 புள்ளிகள் பெற்று, வட கொரியாவோடும் ஆப்கானிஸ்தானோடும் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அது ஊழல் பற்றிய எண்ணத்தின் குறியீடு. வல்லுநர்களும் வணிகர்களும் ஒரு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு. எந்த அமைச்சர் எவ்வளவு எடுத்தார் என்று அது சொல்லாது. நான் அன்று கடையில் சாட்சியாகக் காட்டியது இதைத்தான். ‘எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்’ என்பதைத் தவிர அதில் வேறு சாட்சி எதுவும் இல்லை.

இனி அந்த நாட்டின் நிலை. 1969இல் ஆட்சியைப் பிடித்த சியாட் பாரே, 1991 ஜனவரியில் மொகடிஷுவை விட்டு ஓடினார். அதோடு அரசு என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. 2004இல் கென்யாவில் வைத்து ஓர் இடைக்கால அரசை அமைத்தார்கள். 2009 ஜனவரியில் ஷேக் ஷரிஃப் அகமது அதிபரானார். அந்தத் தேர்வுகூட மொகடிஷுவில் நடக்கவில்லை, ஜிபூட்டியில் நடந்தது. தலைநகரின் பெரும் பகுதி அல் ஷபாப் கையில். அரசைக் காத்து நின்றது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை. அரசுக்கு வருமானம் என்றால் துறைமுகம், விமான நிலையம், வெளிநாடுகள் தரும் உதவி, அவ்வளவுதான். வெளியுலகோடு ஒழுங்காக இணைந்த வங்கி அமைப்பு கிடையாது. மக்கள் ஹவாலா வழியாகப் பணம் அனுப்பிக்கொண்டார்கள். அரசு ரொக்கத்தில் இயங்கியது.

இந்தச் சூழலில் அப்திரசாக் ஃபர்தாக் என்பவர் வருகிறார். இவர் வெளியாள் அல்லர். பிரதமர் அலுவலகத்தில் பொது நிதி மேலாண்மைப் பிரிவின் தலைவராக இருந்தவர். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். அவர் செய்தது பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு. கொடுத்த நாடுகள் எவ்வளவு கொடுத்தன? அரசின் பதிவில் எவ்வளவு இருக்கிறது? இரண்டையும் அருகருகே வைத்தார். நேரடி உதவியாக வந்தது சுமார் 75 மில்லியன் டாலர். அரசு கணக்குக் காட்டியது 3 மில்லியனுக்கும் குறைவு. உள்நாட்டு வருவாயையும் சேர்த்தால் காணாமல் போனது 300 மில்லியனுக்கு மேல் என்றார். 2011இல் இது செய்தியானது. அரசு மறுத்தது. அவர் பதவியில் நீடிக்கவில்லை.

இதை எப்படி எடைபோடுவது? பதவி போன ஆத்திரத்தில் பேசுகிறார் என்று சொல்லலாம். சோமாலியாவில் இன்னொரு பதிலும் எப்போதும் தயாராக இருக்கும்: அவர் எந்தக் குலம்? 2000இல் ஆர்த்தா மாநாட்டுக்குப் பிறகு, நான்கு பெரிய குலங்களுக்குச் சம பங்கும் மற்றவர்களுக்கு அரைப் பங்கும் என்று பதவிகளையே பங்கிட்டுக்கொண்ட நாடு அது. ‘நாலரை’ என்றே அந்த முறைக்குப் பெயர். அதனால் ஒரு தலைவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டு, அவர் குலத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். கணக்கைப் பற்றிய பேச்சு சட்டென்று ஆளைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

ஆனால் கழித்தல் கணக்குக்குக் குலம் கிடையாது. யார் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வர வேண்டும். உலக வங்கிக்காக அந்த அறிக்கையை வேறு ஆட்கள் சரிபார்த்தார்கள். 2012 மே மாதம் வந்த அந்த மதிப்பீட்டில், இரண்டு ஆண்டுகளில் கணக்கில் வராத தொகை சுமார் 131 மில்லியன் டாலர் என்று இருந்தது. ஃபர்தாக் சொன்ன 300 மில்லியனில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அது மொத்த வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு. எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. சரிபார்த்தபோது எண் சுருங்கியது, ஆனால் மறைந்துபோகவில்லை. வெறும் வதந்தி என்றால் சரிபார்க்கும்போது கரைந்து போயிருக்கும். அவர் சொன்னதெல்லாம் அப்படியே உண்மை என்றால் 300 மில்லியன் அப்படியே நின்றிருக்கும். நடந்தது இரண்டுக்கும் நடுவில்.

அடுத்து 2012 ஜூலையில் ஐ.நா. கண்காணிப்புக் குழுவின் அறிக்கை வந்தது. ஆயுதத் தடையைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட குழு அது. அந்த இரண்டு ஆண்டுகளில் இடைக்கால அரசுக்கு வந்த ஒவ்வொரு பத்து டாலரிலும் ஏழு டாலர் கருவூலத்துக்குப் போகவே இல்லை என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதிபர் ஷரிஃப் மறுத்தார். அடுத்த சில வாரங்களில் அதிபர் தேர்தல், அவரும் போட்டியாளர். அறிக்கை வந்த நேரத்தை அவருடைய ஆதரவாளர்கள் சந்தேகித்தால் அதில் ஆச்சரியமில்லை.

நான் முதலில் இதை மூன்றாவது சாட்சியாக எண்ணினேன். உள்ளிருந்து ஒருவர், உலக வங்கி, ஐ.நா., மூன்று பேர் சொல்கிறார்களே! பிறகுதான் உறைத்தது. மூவரும் பேசுவது அதே இரண்டு ஆண்டுகளைப் பற்றி. ‘பத்தில் ஏழு’ என்பது மூன்றில் இரண்டு என்ற அந்தப் பழைய எண்ணின் இன்னொரு வடிவம்தான். ஒரே பாட்டை மூன்று ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு மூன்று பாட்டு என்று நினைப்பது போல. சோமாலியாவைப் பற்றிய பல ‘எல்லாருக்கும் தெரிந்த’ உண்மைகள் இப்படித்தான் பெருகியிருக்கின்றன. அதனால் ஃபர்தாக்கின் கணக்கு பொய் என்று ஆகாது. ஆனால் அதன் பலத்தை மூன்றால் பெருக்கவும் கூடாது.

2012 செப்டம்பர் 10 அன்று ஹசன் ஷேக் மொகமுத் 190 வாக்குகளுக்கு 79 என்ற கணக்கில் ஷரிஃபை வென்றார். கல்வியாளர், புதுமுகம். மேற்குலகம் பெருமூச்சு விட்டது. ஓர் ஆண்டு ஓடவில்லை, 2013 ஜூலையில் அதே கண்காணிப்புக் குழுவின் அடுத்த அறிக்கை. இந்த முறை இலக்கு மத்திய வங்கி. அங்கிருந்து எடுக்கப்படும் பணத்தில் சராசரியாக 80 விழுக்காடு தனிப்பட்ட காரியங்களுக்குப் போகிறது என்றார்கள். பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் மத்திய வங்கிக்கு மாற்றிய 16.9 மில்லியன் டாலரில் 12 மில்லியனின் தடம் தெரியவில்லை என்றார்கள். ஆளுநர் அப்துசலாம் ஒமரின் பெயரையும் சொன்னார்கள்.

இந்த முறை அரசு வெறுமனே ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தடயவியல் கணக்காய்வாளர்களையும் ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனத்தையும் அமர்த்தி, பதில் அறிக்கை தயாரித்தது. அந்தப் பணம் அரசின் கணக்குக்கு வந்து சேர்ந்தது, கண்காணிப்புக் குழுவின் முறையில் பிழை இருக்கிறது என்றது அந்தப் பதில்.

இந்த மறுப்பில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. வங்கி அமைப்பே இல்லாத நாட்டில் ஓர் அமைச்சின் சம்பளப் பணத்தை யாராவது ஒருவர் போய் ரொக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பேரேட்டில் அவருடைய பெயர்தான் இருக்கும். பெயரை மட்டும் பார்த்து ‘தனிப்பட்ட காரியம்’ என்று எழுதினால், நேர்மையான கணக்காளரும் திருடராகிவிடுவார். அதே நேரத்தில், அப்படி எடுத்தவர் அதை அமைச்சில் கொடுத்தாரா, வீட்டுக்குக் கொண்டு போனாரா என்பதற்கு ரசீது இல்லையென்றால், மறுப்பும் அந்தரத்தில்தான் தொங்கும். பணம் வங்கிக்கு வந்தது என்று நிரூபிப்பது வேறு. வங்கியிலிருந்து எங்கே போனது என்று நிரூபிப்பது வேறு. அரசின் பதில் முதலாவதில் பலமாகவும் இரண்டாவதில் பலவீனமாகவும் இருந்தது.

ஒமர் 2013 செப்டம்பரில் விலகினார். அவர் இடத்துக்கு யுஸ்ஸூர் அப்ரார் வந்தார். அமெரிக்காவில் நிதித்துறை அனுபவம் உள்ளவர், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். ஏழே வாரம். அக்டோபர் 30 அன்று துபாயிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார். தன் மனசாட்சிக்கும் பொறுப்புக்கும் ஒவ்வாத ஒப்பந்தங்களுக்கும் பரிவர்த்தனைகளுக்கும் ஒப்புதல் கொடுக்கும்படி தொடர்ந்து நெருக்கினார்கள் என்பது அதன் சாரம். வெளிநாடுகளில் முடங்கிக் கிடந்த சோமாலியச் சொத்துகளை மீட்கும் ஒப்பந்தத்தை எதிர்த்ததையும் எழுதியிருந்தார். அதிபர் அலுவலகம் மறுத்தது.

எனக்கு, அந்த ஐந்து ஆண்டுகளில் வந்த சாட்சியங்களிலேயே கனமானது இந்தக் கடிதம்தான். இதில் பெரிய எண் எதுவும் இல்லை. ஆனால் இவரைக் கொண்டுவந்ததே அந்த அரசுதான். குற்றச்சாட்டைத் துடைக்க வேண்டும் என்று நியமிக்கப்பட்டவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதவி இருந்திருக்கும். பேசியதால் இழந்தார். ஒருவர் தன் நலனுக்கு எதிராகச் சொல்லும் சாட்சிக்கு ஒரு தனி எடை உண்டு. உதவி தரும் நாடுகளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டன. 2014இல் சோமாலிய அரசும் உதவியாளர்களும் சேர்ந்து நிதி ஆளுகைக் குழு ஒன்றை அமைத்து, பெரிய ஒப்பந்தங்களைப் பரிசீலிக்கத் தொடங்கினார்கள்.

அப்படியானால் யார் குற்றவாளி? அப்துசலாம் ஒமர் 2015இல் வெளியுறவு அமைச்சரானார். அவர் மீதான குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் நிரூபிக்கவில்லை, எனவே அது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஷரிஃபும் எந்தக் கூண்டிலும் நிற்கவில்லை.

மலேசியாவில் இருக்கும் நமக்கு இந்த இடம் புரியாததல்ல. 2015இல் 681 மில்லியன் டாலர் பிரதமரின் கணக்குக்கு வந்தது என்ற செய்தி வெளியானபோது, நாமும் இதைப் போலத்தான் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டோம். 2016 ஜனவரியில் அது அரபு அரச குடும்பத்தின் நன்கொடை என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள். 2020இல் வேறொரு தொகைக்காக, எஸ்.ஆர்.சி. வழக்கில், நஜிப்புக்குத் தண்டனை கிடைத்தது. ஆட்சி மாறியது ஒரு காரணம். இன்னொரு காரணம், பணம் வங்கி வழியாகப் போயிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி இருந்தது. மொகடிஷுவில் பணம் பையில் வந்தது, பையில் போனது. பைக்கு நினைவாற்றல் கிடையாது.

இங்கேதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ‘ஆதாரம் எங்கே?’ என்று சாதாரண மனிதன் கேட்டால் அது அவன் உரிமை. ஆனால் கணக்கு எழுதுவதையே வேலையாகக் கொண்ட அரசு, கணக்கு எழுதாமல் இருந்துவிட்டு, ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்க முடியாது. 131 மில்லியனும் திருடப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போராளிகளுக்கு, குலத் தலைவர்களுக்கு, ராணுவத்துக்கு என்று எத்தனையோ வழியில் போயிருக்கும். சிலரின் நைரோபி வீடுகளுக்கும் போயிருக்கலாம். எது எங்கே என்று தெரியாமல் செய்தார்களே, அது நிரூபணமான குற்றம். அதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில், கொரோனா நிதியைக் கையாடியதற்காகச் சுகாதார அமைச்சின் அதிகாரிகள் 4 பேருக்கு மொகடிஷு நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. தண்டனை பெற்றவர்கள் அதிகாரிகள்தான், தலைவர்கள் இல்லை. இருந்தாலும் அது எண்ணமோ, பட்டியலோ, தலைப்புச் செய்தியோ இல்லை. தீர்ப்பு. 2023 டிசம்பரில் நாட்டின் 4.5 பில்லியன் டாலர் கடன் தள்ளுபடியானது. அதற்கான நிபந்தனைகளிலும் நிதிக் கணக்கைச் சீராக்குவது இருந்தது. அதே ஆண்டுப் பட்டியலில் சோமாலியா மீண்டும் கடைசி இடத்தில்தான் இருந்தது.

நண்பர் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். “பத்தில் ஏழு டாலர் எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா அது உங்க அதிபருக்குத் தெரிஞ்சிருக்கணும்.” இதற்கு அவர் தலையாட்டுவார் என்றுதான் நினைக்கிறேன்.