முத்துச் சலாபமும் ஆழிப்பேரலையும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படும் 'எரித்திரியக் கடற்பயணம்' என்னும் கிரேக்க வணிகக் குறிப்பு, நம் தென்கோடிக் கரையைக் குறித்துச் சொல்லும் செய்திகளில் இரண்டு நம் கவனத்திற்குரியவை. குமரித் துறைக்கு நோன்பிகள் வந்து நீராடித் தங்குகின்றனர் என்பது ஒன்று. அதற்கு அப்பால் கொற்கையில், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. ஒன்று கடலின் விளிம்பில் நிகழ்வது. மற்றது கடலின் அடியில் நிகழ்வது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நெல்லைச் சீமையின் கடல் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம்.

வள்ளியூரில் கடல் இல்லை. ஆயினும் தெற்கே போனால் குமரி, தென்கிழக்கே போனால் கூடங்குளமும் இடிந்தகரையும் உவரியும் என்று கடலூர்களை எட்டிவிடலாம். 'திருநெல்வேலிச் சரித்திரம்' எழுதிய கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடியும் அருகில்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போய், இன்று உள்நாட்டு ஊராகிவிட்ட கொற்கையைப் பழைய துறைமுகம் என்று அடையாளம் கண்டு அங்கே அகழ்ந்து பார்த்தவர் அவர். கடல் பின்வாங்குவதும் முன்னேறுவதும் இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அல்ல என்பதற்குக் கொற்கையே சான்று.

முத்துக் குளிக்கும் பருவத்திற்குச் 'சலாபம்' என்று பெயர். அது எல்லா ஆண்டும் நடந்ததில்லை. வடகிழக்குப் பருவமழையின் கலக்கம் அடங்கிய பின்னர், கச்சான் காற்று தொடங்கும் முன்னர், கடல் தெளிந்து அமைதியாக இருக்கும் சில வாரங்களே அதற்குரிய காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை என்றே குறிக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். சுறாவைக் கட்டும் அவரைப் பிற்காலத்தார் 'கடல்கட்டி' என்றனர். காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கும் குளியாளின் உயிர், தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. அக்கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் நாம் இங்கே சுட்ட விரும்புவது சலாபத்துக்கு முந்திய ஒரு நடைமுறையை. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். சலாபம் அறிவிக்கும் முன் அதிகாரிகள் குளியாட்களுடன் பாருக்குச் சென்று, ஆங்காங்கே சிப்பிகளை எடுத்துவரச் செய்து, அவற்றின் வயதைக் கணித்து, மாதிரிச் சிப்பிகளிலிருந்து கிடைத்த முத்துகளை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவர். சிப்பி இளையதாக இருந்தால் அவ்வாண்டு சலாபம் இல்லை. பார் வெறுமையாகக் கிடந்தால் பல ஆண்டுகளுக்கு இல்லை. தூத்துக்குடியில் 1928க்குப் பின் 1955 வரை, இருபத்தேழு ஆண்டுகள், கடல் அப்படியே விடப்பட்டது. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம். அதன்பின் பார் தேறவேயில்லை. முதலில் அடியைப் பார்ப்பது, பிறகு ஆட்களை அழைப்பது என்பதே அந்த முறையின் சாரம்.

அம்முறையை நாம் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அதற்குள் குற்றவாளிகளின் உயிர்ப்பலியும், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மாறிமாறி வந்தோரின் பேராசையும், பரதவரின் வறுமையும் இருந்தன. ஆயினும் கடல் தேறிவிட்டதா இல்லையா என்னும் கேள்விக்குக் கரையில் நின்று விடை சொல்ல இயலாது என்னும் அறிவு அதில் இருந்தது. 1960களில் தூத்துக்குடியிலிருந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முதுகில் காற்றுருளையைக் கட்டி, இன்று நாம் 'ஸ்கூபா' என்று சொல்லும் முறையில் இறங்கிப் பார்களை ஆராய்ந்தபோது, கல்லின் இடத்தைக் கருவி பிடித்ததேயன்றி நடைமுறை மாறவில்லை. தெளிந்த நீரும் அடங்கிய காற்றும் இரண்டுக்கும் வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாம் முதுகலை மாணவர். விடுமுறைக்கு வீட்டில் இருந்தோம். முற்பகலில் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பேருந்துகளில் நனைந்த துணியோடு இறங்கியவர்களைக் கண்டு ஊர் திகைத்து நின்றது நினைவிருக்கிறது. குமரி முனையில் கடல் முதலில் உள்வாங்கியது. பிறகு பொங்கி வந்தது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினர். மீனவர் படகுகள் சென்று அவர்களைக் கரைசேர்த்தன. தம் ஊரில் எத்தனை பேர் மிஞ்சினர் என்று அறியாத நிலையில், முன்பின் அறியாத பயணிகளுக்காக அவர்கள் அந்தக் கடலில் மீண்டும் இறங்கினார்கள். மேலமணக்குடியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் பிணங்கள் ஒதுங்கிய நாள் அது. பழையாற்றின் மேல் இருந்த மணக்குடிப் பாலத்தை அலை பெயர்த்துச் சென்றுவிட்டது.

அதன்பின் நடந்ததைச் சுற்றுலா மீட்சி என்கிறோம். படகுப் போக்குவரத்து மீண்டது, விடுதிகள் நிறைந்தன, சங்கும் சிப்பிமாலையும் விற்போர் மீண்டும் கடை விரித்தனர். ஆழிப்பேரலை நினைவுச் சின்னமும் எழுந்தது. 2024 டிசம்பரில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் என்றிருக்கும் சிப்பிமாலைக்காரரிடம் இருபத்தேழு ஆண்டுகள் காத்திரு என்று எவரும் சொல்ல இயலாது. நம் கேள்வி, அந்த மீட்சியை எதைக் கொண்டு அளந்தோம் என்பதே. வந்த தலைகளை எண்ணினோம். கடலின் அடியை எண்ணியவர் மிகச் சிலர்.

அதே அலையால் தாக்குண்ட தாய்லாந்தை ஒப்பிடலாம். அங்கே கடலடிக் காட்சியே சுற்றுலாவின் மூலதனம். ஆகவே ஆய்வாளர்கள் உடனே முக்குளித்துப் பவளப்பாறைகளைப் பார்வையிட்டனர். பீபீ தீவில் தொண்டர்கள் காற்றுருளையுடன் இறங்கி, அலை வாரிச் சென்ற தகரம், நாற்காலி, வலை முதலியவற்றைக் கடலடியிலிருந்து அப்புறப்படுத்தினர். ஆழ்கடலில் பேரலையின் உயரம் சொற்பம். ஆழமற்ற கரையில்தான் அது எழுகிறது. கடலடியில் அது செய்யும் கேடு, பாறையை உடைப்பதும், கலங்கிய வண்டலைப் பவளத்தின் மேல் போர்த்தி மூச்சுமுட்டச் செய்வதுமாகும். கலங்கல் தெளியும் வரை முக்குளிப்பவருக்குப் பார்வை கிடைக்காது; பவளத்துக்கு ஒளி கிடைக்காது.

மன்னார் வளைகுடாவிலும் சிலர் இறங்கிப் பார்த்தனர். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் 2003 முதல் அங்குள்ள பவளப்பாறைகளை முக்குளித்து ஆராய்ந்து வந்தனர். பேரலைக்குப் பின்னும் இறங்கினர். அலையால் நேர்ந்த சேதம் சிறிதே என்று கண்டனர். இலங்கைத் தீவு அலையின் வேகத்தைத் தடுத்ததால் வளைகுடா தப்பியது. பெருங்கேடு அதற்கு முன்பே, ஓசையின்றி, மனிதக் கையால் நிகழ்ந்திருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததில், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீரில் அமிழ்ந்துவிட்டன. காரியாச்சல்லித் தீவும் 1969இல் இருந்ததில் சிறு பகுதியாகக் குறுகி நிற்கிறது.

பவளப்பாறைதான் தம் கரைக்கு அரண் என்பதைப் பேரலை கற்பித்ததோ என்னவோ, 2005இல் தூத்துக்குடிப் பக்கம் பவளம் வெட்டுவது நின்றது. அவ்வாண்டில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2009இல் 43 விழுக்காடு வரை உயர்ந்தது. கடலின் மீட்சி என்று சொல்லத்தக்கது இதுவே. ஆனால் 2010இலும் 2016இலும் நீர் சூடேறிப் பவளம் வெளுத்து, சேர்த்ததெல்லாம் சரிந்தது. இச்செய்தி எதுவும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

புதுச்சேரியிலும் இராமேசுவரம் பக்கத்திலும் காற்றுருளையுடன் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் நிலையங்கள் இப்போது உள்ளன. நம் கரைக்கும் அவை வரலாம், வரட்டும். நீருக்குள் ஒருமுறை இறங்கியவர் கடலை வெறும் பின்னணிப் படமாகக் கருதமாட்டார். ஆனால் அவற்றோடு பழைய சலாபத்தின் ஒழுங்கும் வரவேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஆண்டுதோறும் பாரைப் பார்ப்பதும், தேறவில்லையெனில் அவ்வாண்டு விட்டுவிடுவதும் சட்டமாக வேண்டும். பார்க்கும் பொறுப்பில் பாறையிலிருந்து பயணிகளை மீட்ட அந்த மீனவர்களின் பிள்ளைகளும் சங்குகுளிப்போரும் இருக்கவேண்டும். அடுத்த முறை கடல் பொங்கினாலும் முதலில் படகெடுப்பவர்கள் அவர்களே. மீட்சியின் கணக்கை எழுதும்போது மட்டும் அவர்களை வெளியே நிறுத்துவது எவ்வகையிலும் அறமாகாது.